சோதனையில் தேறிய புரொஜெக்டர்

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசையின் நடுவில் இருந்ததன் பெயர் மீட்டிங் ரூம் இரண்டு.

அது ஒரு பழைய புரொஜெக்டர். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் இரண்டாவது கூட்ட அறையில் பல வருடம் வேலை பார்த்தது. வாங்கிய காலத்திலேயே கடையில் இருந்தவற்றில் மலிவானது அதுதான். கம்பெனி புதியது வாங்கியதும் இதை மூலையில் போட்டது. அங்கே வேலை பார்த்த ஒருவர் அதைக் கேட்டு வாங்கி, தான் படித்த பள்ளிக்கு அனுப்பிவைத்தார். முதுகில் 'மீட்டிங் ரூம் 2' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரும் உரிக்கவில்லை. அதனால் பெயரும் கூடவே வந்துவிட்டது.

பள்ளி கோவில்பட்டிப் பக்கம் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தலைமையாசிரியர் சங்கரபாண்டியன், அலுவலக எழுத்தர் ஆவுடையம்மாள், உயிரியல் ஆசிரியை செண்பகவல்லி. வந்த பொருள் வகுப்பறைக்கு லாயக்கா, அலுவலகத்துக்கு லாயக்கா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

"இருபது நிமிசப் படம் சார். இதயம் துடிக்கிறதை அப்படியே எடுத்திருக்காங்க," என்றார் செண்பகவல்லி. "ஒன்பதாம் வகுப்பு பி-க்கு அதை ஒரு தடவை காமிச்சாப் போதும். வால்வு திறக்குது, மூடுதுன்னு நானும் வருசா வருசம் கையை வச்சே ஆட்டிக்கிட்டு இருக்கேன். பிள்ளைங்க என் கையைப் பாத்துச் சிரிக்குதுங்க."

"காமிக்கலாம்மா. யாரு வேண்டாம்னா? எதுக்கு லாயக்குன்னு முதல்ல பாத்துருவோம். பாக்காமக் குடுத்து நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"அதுவும் சரிதான்," என்றார் ஆவுடையம்மாள்.

புரொஜெக்டருக்குள்ளே அதே நேரத்தில் வேறொரு பேச்சு நடந்தது. உள்ளே இருந்த விளக்கு அதற்கு வாய்த்த மூன்றாவது விளக்கு. முந்தைய இரண்டும் கம்பெனியிலேயே எரிந்து தீர்ந்திருந்தன.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றது விளக்கு. "என்னையும் கம்பெனியிலேயே முக்கால்வாசி தீத்துட்டாங்க. மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு. பாத்துச் செலவு பண்ணு."

"நீயும் பயங்காட்டாத," என்றது புரொஜெக்டர். "இத்தனை வருசத்துல என்னை ஆசையாப் பாத்தது யாரு, சொல்லு பாப்போம். விற்பனை ஏறுச்சு, விற்பனை இறங்குச்சுன்னு கோடு கோடாக் காமிச்சேன். முன்வரிசை கொட்டாவி விட்டுச்சு. பின்வரிசை போனை நோண்டிக்கிட்டு இருந்துச்சு. இங்கதான் முதல் தடவையா ஒருத்தி என்னை வேணும்னு கேக்கா."

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்த டீச்சர் கேக்குற இருபது நிமிசத்துக்கு நான் இருப்பேன். அதுக்கு மேலயும் கொஞ்ச நாள் இருப்பேன். இவங்களுக்கு முன்னால மங்கலாக் காமி. அது போதும்."

"மங்கலாக் காமிச்சா வேண்டாம்னு தள்ளிருவாங்க. முதல்ல தேறணும். தேறிட்டோம்னா அப்புறம் நம்ம இஷ்டம்."

உள்ளே இருந்த விசிறி குறுக்கிட்டது. "ஏலே, தேறுறதைப் பத்தி நீங்க பேசிக்கோங்க. என்னை மட்டும் பாதியில நிப்பாட்டிராதீங்க. அணைச்ச பிறகும் நான் கொஞ்ச நேரம் சுத்தணும். இல்லைன்னா இந்தத் தம்பி இருந்த இடத்திலேயே வெந்து போவான்."

அலுவலகத்துத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். சுவரில் ரோஜாப்பூக்களுக்கு நடுவே 'வருக வருக' என்ற எழுத்து வந்தது. ஆவுடையம்மாள் தயாரித்த படம் அது. புரொஜெக்டர் விளக்கை முழு வெளிச்சத்துக்கு ஏற்றியது. ரோஜாக்கள் சிவந்தன.

"பரவாயில்லையே," என்றார் தலைமையாசிரியர்.

ஆவுடையம்மாள் ஆசிரியர்களின் கால அட்டவணையைத் திறந்தார். அதில் கட்டங்கள் அதிகம், எழுத்துகள் சிறியவை. சுவரில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "எறும்பு ஊருற மாதிரி இருக்கு சார். ஆபீசுக்கு இது ஆகாது."

"படம் நல்லாத் தெரியுது. எழுத்து தெரியல. அப்பக் கிளாசுக்குத்தான்," என்றார் தலைமையாசிரியர்.

செண்பகவல்லி எழுந்தார். "அப்ப நாளைக்கே..."

"இருங்கம்மா. கிளாசுல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுவோம்."

டீ வந்தது. ஆவுடையம்மாள் அட்டவணையை மூடியதும் மறுபடி ரோஜாக்கள் வந்து நின்றன. பேச்சு சங்கரன்கோவிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போனது. இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துபோனதையும், மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை விட்டு எழுந்து போனதையும் தலைமையாசிரியர் விரிவாகச் சொன்னார். யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே, என்னை அணைக்கச் சொல்லு," என்றது விளக்கு.

"நான் எப்படிச் சொல்ல?"

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் சிவப்புப் பெயின்டில் ஒரு வாசகம் எழுதியிருந்தது: வெளியே செல்லும்போது அணைக்கவும். ஆவுடையம்மாள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. எழுந்து போகும்போது சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். விசிறி பாதிச் சுற்றில் நின்றது. வெக்கை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியது.

*

ஆகஸ்டில் புரொஜெக்டரை ஒன்பதாம் வகுப்பு பி-க்குத் தூக்கிப் போனார்கள். செண்பகவல்லி அதுவரை இதயப் பாடத்தை மட்டும் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பாடங்களை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பறையின் ஜன்னல் கதவுகளைக் கரையான் தின்று பல வருடம் ஆகிறது. கம்பிகள் மட்டும் இருந்தன. வெயில் நேராக உள்ளே வந்து தரையில் கிடந்தது. படம் விழ வெள்ளைச் சுவர் இல்லாததால் கரும்பலகைக்கு மேல் இரண்டு ஆணி அடித்து ஒரு வேட்டியை மாட்டினார்கள்.

"என்ன மீட்டிங் ரூம்," என்றது கரும்பலகை வேட்டிக்குப் பின்னாலிருந்து. "எனக்கு வேட்டி கட்டியாச்சு. மாலையும் போட்டா ஊர்வலந்தான்."

புரொஜெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. "பிள்ளைங்க எங்கக்கா?"

"வெளிய அனுப்பிட்டாங்க. நீ பிள்ளைங்களுக்குச் சரிப்படுவியான்னு பாக்கணும்ல? பிள்ளைங்க இருந்தா இடைஞ்சல்."

செண்பகவல்லி படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியர் கையமர்த்தினார். "முதல்ல ஆபீஸ்ல போட்டதையே போடுங்க. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்."

ரோஜாக்கள் வேட்டியில் விழுந்தன. வெயில் அவற்றைத் தின்றுவிட்டது. வெளுத்த துணியில் பழைய கறை போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தம்பி, இன்னும் கொஞ்சம்," என்றது புரொஜெக்டர் உள்ளே.

"அண்ணே, எதிர்ல நிக்கிறது வெயில். அதோட நான் மல்லுக்கட்டவா?"

"இன்னும் கொஞ்சம்."

விளக்கு தன்னால் ஆனதைக் கொடுத்தது. அப்போது வெளியே விரட்டப்பட்ட பிள்ளைகளில் சிலர் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் தலைகள் மறைத்த அளவுக்கு வெயில் குறைந்தது. வேட்டியின் ஓர் ஓரத்தில் நிறம் வந்தது.

"ஏ, ரோஜாப்பூலே," என்றான் ஒருவன்.

"எங்க? தள்ளுலே."

இன்னும் நாலு தலை சேர்ந்தது. நிறம் இன்னும் கொஞ்சம் பரவியது. புரொஜெக்டர் அந்தக் கண்களைப் பார்த்தது. கொட்டாவி விடாத கண்களை அது அன்றுதான் பார்த்தது.

"போங்கலே அந்தப் பக்கம். மதிப்பீடு நடக்குது," என்றார் தலைமையாசிரியர். தலைகள் கலைந்தன. நிறமும் போனது.

"சார், ஜன்னலுக்குச் சாக்கு கட்டிருவோம். நானே கொண்டாரேன்," என்றார் செண்பகவல்லி.

"சாக்கைக் கட்டுனா காத்து வராது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்துச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? இது இருட்டு ரூமுக்கு உள்ள சாமான். ஆபீசுக்குத்தான் லாயக்கு."

"ஆபீசுக்கு ஆகாதுன்னு போன மாசம் சொன்னீங்களே சார்."

"அது போன மாசம்."

ஆவுடையம்மாள் சுவிட்சைத் தட்டினார்.

ஜூலையில் சொன்னதும் ஆகஸ்டில் சொன்னதும் பொருந்தவில்லை என்பதால், பள்ளிச் செயலரே நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லட்டும் என்று விட்டார்கள். செயலர் குருசாமி தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று வைத்திருப்பவர். பூஜை கழிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

*

சரஸ்வதி பூஜை அன்று பள்ளியில் இருந்த எல்லாப் பொருள்களுக்கும் பொட்டு வைத்தார்கள். தையல் மிஷினுக்கு வைத்தார்கள். பள்ளி மணிக்கும் தராசுக்கும் வைத்தார்கள். புரொஜெக்டருக்கு எங்கே வைப்பது என்று ஆவுடையம்மாள் ஒரு கணம் யோசித்தார். முகம் எதுவென்று பார்த்து, லென்சின் நடுவில் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றது விசிறி. "மாப்பிள்ளை மாதிரி இருக்கண்ணே."

"எனக்கு எதிர்ல யாரோ கதவைச் சாத்துன மாதிரி இருக்கு," என்றது விளக்கு.

பூஜை முடிந்த வாரம் செயலர் வந்தார். அலுவலகத்தில் திரைச்சீலைகளை இழுத்தார்கள். படம் கலங்கி, ஓரம் தெரியாமல் விழுந்தது.

"லென்சுல சந்தனம் காஞ்சிருக்கு. துடைச்சாச் சரியாயிரும்," என்று செண்பகவல்லி கைக்குட்டையை எடுத்தார்.

ஆவுடையம்மாள் அவர் கையைப் பிடித்தார். "டீச்சர், பூஜையில வச்சது. நாமளாத் துடைக்கக் கூடாது. தானா உதிரணும்."

"தானா உதிருற வரைக்கும் எப்படி?"

"உதிரும். அவசரம் என்ன?"

செயலர் சந்தனத்தைப் பார்த்தார். அவரும் துடைக்கச் சொல்லவில்லை. "வயசாயிருச்சு, கண்ணுல புரை. வெளிச்சத்தைக் கூட்டி வைங்க, தெரியும்," என்றார். கூட்டி வைத்தார்கள். ரோஜாக்கள் ஓரளவு ரோஜாக்களாகத் தெரிந்தன.

"தெரியுது. கிளாசுக்கும் ஆபீசுக்கும் பொதுவா வச்சுக்கோங்க. ஆனா பழைய சாமான் பாருங்க, எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியணும். ஓடட்டும். சாப்பிட்டு வந்து பாப்போம்."

"அதுக்குள்ள அந்த இருபது நிமிசத்தை ஓட்டிக்கிடட்டுமா சார்?" என்று கேட்டார் செண்பகவல்லி. "பிள்ளைங்களை இங்கயே கூட்டியாந்துருதேன். அரையாண்டுப் பரீட்சை வருது. இன்னும் அந்தப் பாடத்தை எடுக்கலை."

"சோதனை பாதியில நிக்கப்பிடாதும்மா," என்றார் செயலர். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் தாங்கிருச்சுன்னா நாளையில இருந்து அது உங்களுக்குத்தான். என் வார்த்தை."

அறையைப் பூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டிய அறையில், யாரும் இல்லாத நாற்காலிகளுக்கு, புரொஜெக்டர் வருக வருக என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து விளக்கு பேசியது.

"அண்ணே, உனக்குச் சூடு ஏறுனா நீயாவே நின்னுக்கிடலாம்ல? எச்சரிக்கையாச் சிவப்புப் பொட்டு ஒண்ணு எரியும்ல?"

"எரியும்."

"நின்னுரு. நான் இனிமே தாங்க மாட்டேன். இப்ப நின்னா நாளைக்கு அந்தப் படத்துக்கு இருப்பேன். அதுக்கு மட்டும் மிச்சம் இருக்கு."

"நின்னாச் சிவப்புப் பொட்டைப் பாப்பாங்க. தாங்கலைன்னு சொல்லி ஓரங்கட்டிருவாங்க. நாளைக்கு நாம கிளாசுல இருக்க மாட்டோம், காயலான் கடையில இருப்போம்."

"நிக்காட்டி?"



விசிறி சொன்னது, "நான் வேணா நின்னுருதேன். பழி என் மேல போகட்டும். எனக்குத்தான் சத்தம் போடுறவன்னு ஏற்கெனவே பேரு இருக்கே."

"நீ நின்னாலும் ஃபெயில் எனக்குத்தான்," என்றது புரொஜெக்டர். "சுத்து."

"அந்தப் பிள்ளைங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்களே," என்றது விளக்கு. "அதுங்களை நினைச்சுப் பாரு."

"அதுங்களை நினைச்சுத்தான் நிக்க மாட்டேங்கேன்."

விளக்கு சொன்னதும் சரி, புரொஜெக்டர் சொன்னதும் சரி. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோனது.

சாயங்காலம் செயலர் கதவைத் திறந்தார். சுவரில் ரோஜாக்கள் இருந்தன. அவர் புரொஜெக்டரின் முதுகைத் தட்டினார், உடனே கையை உதறிக்கொண்டார்.

"கொதிக்குது. ஆனா நிக்கலை பாத்தீங்களா? பழைய சாமான் பழைய சாமான்தான். தேறிருச்சு."

தலைமையாசிரியர் கைதட்டினார். வெக்கையில் காய்ந்திருந்த சந்தனம் அந்த நேரத்தில் தானாக உதிர்ந்தது. படம் பளிச்சென்று விழுந்தது. ரோஜா இதழில் இருந்த பனித்துளிகூடத் தெரிந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றார் ஆவுடையம்மாள். எல்லாரும் வெளியே போனதும் சுவிட்சைத் தட்டினார்.

*

மறுநாள் முதல் பாடவேளை செண்பகவல்லியுடையது. செயலர் சொன்ன பிறகு சாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. செண்பகவல்லி காலையிலேயே வந்து ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டியிருந்தார். வேட்டியை மாட்டினார். பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள். இருட்டில் யாரோ யாரையோ கிள்ளினார்கள்.

"படம் போட்ட பிறகு ஒருத்தர் பேசக் கூடாது. வால்வு எப்ப மூடுதுன்னு மட்டும் பாருங்க. அதை மட்டும் பாத்தாப் போதும்."

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றத் தொடங்கியது.

"தம்பி," என்றது புரொஜெக்டர்.

பதில் இல்லை.

"தம்பி, தேறிட்டோம். கிளாசுக்கு வந்துட்டோம். எல்லாரும் இருக்காங்க. ஏந்திரி."

"அவன் நேத்தே போயிட்டான்," என்றது விசிறி. "அந்தம்மா சுவிட்சைத் தட்டுனப்பவே. நான் பாதிச் சுத்துல நின்னேன். அவன் சத்தம் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையா?"

"அவங்க கைதட்டுனதே என் காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு," என்றது புரொஜெக்டர்.

பிள்ளைகள் இருட்டில் காத்திருந்தார்கள். வேட்டி வெறுமனே தொங்கியது. செண்பகவல்லி அணைத்துப் போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். ஒரு பிள்ளை, "டீச்சர், படம் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டது.

அவர் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வேட்டியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். சாக்பீஸை எடுத்து இதயத்தை வரைந்தார். அறைகளைக் கோடு போட்டுப் பிரித்தார், அம்புக்குறி போட்டார்.

"மூடுனதுக்கு அப்புறம் ரத்தம் திரும்பி வராதா டீச்சர்?"

"வராது," என்று கையைத் திறந்து மூடிக் காட்டினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. புரிந்ததாகவும் தெரியவில்லை.

மேசைமேல் இருந்த புரொஜெக்டர் கரும்பலகையைப் பார்த்தது. "நான் என்னக்கா செஞ்சிருக்கணும்? நின்னிருந்தாலும் தள்ளியிருப்பாங்க."

"தள்ளியிருப்பாங்க," என்றது கரும்பலகை.

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"அவன் போயிட்டானே."

கரும்பலகையில் வரைந்த இதயத்தை அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு ஆசிரியர் அழித்தார்.

புது விளக்குக்குச் செண்பகவல்லி கடை கடையாகக் கேட்டார். அந்த மாடலுக்கு விளக்கு வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன என்றார்கள். மதுரையில் ஒருவர் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்த்து, சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் செண்பகவல்லி தலைமையாசிரியரிடம் போனார்.

"அது எப்படிம்மா?" என்றார் அவர். "சோதனை அன்னைக்கு நல்லாத்தானே எரிஞ்சுச்சு. செயலரே பாத்துட்டுப் போனார். இப்ப எரியலைன்னு போய்ச் சொன்னா, உங்க கைக்கு வந்த பிறகு என்ன செஞ்சீங்கன்னு கேப்பார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், விட்டுருங்க."

செண்பகவல்லி விட்டுவிட்டார்.

தலைமையாசிரியர் அறையில் கோப்பைகள் வைக்கும் கண்ணாடி அலமாரியில் புரொஜெக்டருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. இருபக்கமும் கபடிக் கோப்பைகள். ஆவுடையம்மாள் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, பள்ளியின் பெயரையும் 'வகுப்பறை மற்றும் அலுவலகப் பயன்பாட்டுக்கு உகந்தது' என்பதையும் வெள்ளைப் பெயின்டில் எழுதினார். அடுத்த வருடப் பூஜைக்கும் அதற்குச் சந்தனம் வைத்தார்கள். வருகிற விருந்தினர்கள் அலமாரியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவரும் அதைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. அதுதான் தேறிவிட்டதே.

2018 ஜனவரி 23 அன்று, புரொஜெக்டர் இல்லாத பள்ளிகளுக்கு ஓர் அறக்கட்டளை புதியவற்றை வழங்கியது. அந்தப் பள்ளிக்கு வரவில்லை. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.